நாடா வைத்த பக்கம்

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பாடச் சொல்ல மாட்டார்கள், நடந்து காட்டச் சொல்ல மாட்டார்கள். வேதத்தைக் கையில் கொடுத்து ஓர் அதிகாரம் வாசிக்கச் சொல்வார்கள். மாப்பிள்ளை உபதேசியார் என்றால் கேட்கவே வேண்டாம். உபதேசியார் என்பவர் குருவானவருக்குக் கீழே, ஏதாவது ஒரு சின்ன ஊரில் ஜெபவீட்டைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்துகிறவர். அவருடைய மனைவி வாரா வாரம் சபைப் பெண்களைக் கூட்டிவைத்து வேதம் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது மிஷன்காரர்கள் வைத்திருந்த சட்டம். வாசிக்கத் தெரியாதவளைக் கட்டினால் வேலை கிடையாது. சம்பளம் ஒருவருக்கு, ஊழியம் இரண்டு பேருக்கு. இது என்ன நியாயம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மம்சாபுரத்துப் பரிபூரணத்தைப் பெண் பார்க்க ஞானராஜ் உபதேசியார் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலில். அவளுடைய அப்பா தவசிமுத்து, ராஜபாளையத்துக்குப் பஞ்சு வண்டி அடித்தவர். மகளை அவர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, ஆட்டுக்குப் பின்னால் அனுப்பினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாடசாலையில் சொல்லிக்கொடுத்த வசனமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு தரம் காதில் விழுந்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள். அந்தக் காதை நம்பித்தான் தவசிமுத்து துணிந்தார். அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று படித்த ஆளிடம் கேட்டு, அந்தப் பக்கத்தில் சிவப்பு நாடாவை வைத்தார். எந்தச் சொல் வரும்போது தாளைப் புரட்ட வேண்டும் என்பதையும் மகளுக்குச் சொல்லிவைத்தார். அவள் நாடாவைப் பிடித்து விரித்தாள், விரலை ஓட்டினாள், ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பொண்ணு தண்ணியாட்டம் வாசிக்கா என்று மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப்போனார்கள். கல்யாணம் முடிந்தது.

பிறகு படித்துக்கொள்ளலாம் என்றுதான் பரிபூரணம் நினைத்திருந்தாள். யாரிடம் படிப்பது? சொல்லிக்கொடுங்கள் என்று வாயைத் திறந்தால், அன்றைக்கு வாசித்தது என்ன என்ற கேள்வி வரும். அப்பா பொய்யர் ஆவார், அவள் பொய்க்காரி ஆவாள், புருஷனுக்கு வேலை போகும். அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வருஷங்கள் கூடக்கூட, திறப்பது இன்னும் கஷ்டமாகிப்போனது.

செட்டியார்பட்டிப் பக்கத்து ஜெபவீட்டை ஒட்டித்தான் அவர்களுக்கு வீடு. விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். எல்லாரும் வட்டமாகப் பாயில் உட்கார வேண்டும். ஒரே புத்தகம் கைமாறிக் கைமாறி வரும், ஆளுக்கு ஒரு வசனம். ஞானராஜ் இதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு வாரத்துக்கு ஓர் அதிகாரம். திங்கட்கிழமை அவரே முழுவதையும் நிறுத்தி நிதானமாக வாசித்துவிடுவார். செவ்வாய் முதல் புத்தகம் சுற்றிவரும். சனிக்கிழமை பெண்கள் கூட்டத்திலும் அதே அதிகாரம்தான். மற்றவர்கள் வாசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பக்தி என்று எல்லாரும் சொன்னார்கள். பரிபூரணத்துக்கு அந்தத் திங்கட்கிழமையும் அந்த மூடிய கண்ணும் ஆண்டவர் கொடுத்த தயவு. திங்கள் கேட்டதைப் பிடித்துக்கொண்டு மற்ற நாட்களை ஓட்டிவிடுவாள். என்றைக்காவது அவர் வழக்கத்தை மாற்றிவிடுவாரோ என்ற பயம் மட்டும் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. ஞாயிறு சாயங்காலம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த வீட்டில்தான் மூன்று பிள்ளைகளும் வாசிக்கப் படித்தார்கள்.

மூத்தவன் எலியேசர் மணலில் விரல் தேயப் படித்தவன். அடிக்க அப்பாவின் புளிய விளாறு பக்கத்திலேயே இருக்கும். ஓர் எழுத்து, பிறகு ஓர் எழுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு சத்தம். பார வண்டியை மேட்டில் இழுக்கிற மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு வசனத்தைக் கரைசேர்ப்பான். ஆனால் கரைசேர்ந்துவிடுவான். பரிபூரணம் அடுப்படியில் இருந்து அவன் திணறுவதைக் கேட்டுப் பொறாமைப்பட்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமும் பட்டாள்.

கடைக்குட்டி ஏசுவடியான் வேறு ரகம். அவனுக்கு மணலும் வேண்டாம், விளாறும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ஓடுகிற பஸ்ஸின் நெற்றிப் பலகையில் படித்தான். பஞ்சு மூட்டையில் குத்திய எழுத்தில் படித்தான். கிளீனரிடம் ஒரு தடவை கேட்பான், அடுத்த வண்டியில் அதே எழுத்து வந்தால் கத்திச் சொல்வான். அகர வரிசை சொல்லச் சொன்னால் முழிப்பான். ஆனால் ஒரு கடை விடாமல் பெயர்ப்பலகையை வாசித்துவிடுவான். இது என்ன படிப்பு, நாடோடிப் படிப்பு என்று ஞானராஜுக்கு அவன்மேல் எரிச்சல்.

நடுவில் பிறந்தவள் தேவகிருபை. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பால்பல் விழுமுன்னே புத்தகத்தை மடியில் வைத்து, விரலை ஓட்டி, கண்ணை இடம் வலமாக நகர்த்தி, கணீரென்று வாசித்தாள். ஞானராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பன் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் கூட்டமாகச் சேர்ந்து கத்தித்தான் வாசிக்கும். அதில் முதல் குரல் கிருபையுடையது. சிலேட்டில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் கோலம் போடுவது போல அச்சாக இழுப்பாள். இந்தப் பிள்ளையைத் தனியாக நிறுத்திக் கேட்க வேண்டும் என்று எந்த வாத்தியாருக்குத் தோன்றும்? அவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார்.

கிருபைக்குப் பத்து வயது நடக்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் அசனப் பண்டிகை வந்தது. சுற்றுவட்டாரச் சபையெல்லாம் ஒன்றுகூடி, பெரிய அண்டாக்களில் பொங்கி, ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அன்றைய ஆராதனையில் கிருபைதான் வாசிக்க வேண்டும் என்று ஞானராஜ் குருவானவரிடம் கேட்டு வாங்கிவிட்டார். நன்றாக வாசித்தால் போர்டிங் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும், படித்து டீச்சரம்மா ஆவாள் என்பது அவர் ஆசை. வாசிக்க வேண்டிய அதிகாரத்தைக் கிருபைக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டி, அந்தப் பக்கத்தில் நாடாவை வைத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் ஏசுவடியான் கஞ்சிச் சட்டியைத் தட்டிவிட்டான். புத்தகத்தின் மேல் ஓரத்தில் கஞ்சி வழிந்தது. பரிபூரணம் பதறிப்போய்த் துடைத்து, விரிக்காமல் அப்படியே வெயிலில் வைத்தாள். அவள் என்றைக்கு அதைத் தேவையில்லாமல் விரித்தாள்? சாயங்காலம் காய்ந்துவிட்டது என்று எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் கிருபை புறவாசலில் உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். பரிபூரணம் எதிரே புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை முழு அதிகாரத்தையும் வாசித்து முடித்தது. நடுவில் ஒரு தாளையும் பாங்காகப் புரட்டியது. வெளியே இருந்து ஞானராஜ், "சபாஷ்" என்று குரல் கொடுத்தார். கிருபை புத்தகத்தை விரித்தபடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். பரிபூரணம் மூடிவைக்கலாம் என்று எடுத்தாள்.

நாடாவைக் காணோம். நுனி மட்டும் கீழே எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தால் வரவில்லை. கஞ்சியில் நாடாவின் இருபுறத் தாளும் ஒன்றாக ஒட்டிக் காய்ந்து, நாடா அதற்குள்ளே கெட்டியாகக் கிடந்தது. உபதேசியார் குறித்துவைத்த பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாமல் மூடியிருந்தது. பிள்ளை வாசித்தது அந்தப் பக்கத்தை அல்ல.

 வேறு யாராக இருந்தாலும் என்ன ஏது என்று குழம்பியிருப்பார்கள். பரிபூரணத்துக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை. தான் போட்ட வேஷத்தைப் பிள்ளை போட்டால் தாய்க்குத் தெரியாதா?

கிருபையைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். "ஏட்டி, உனக்கு வாசிக்கத் தெரியாது, என்ன?"

பிள்ளை தரையைப் பார்த்தது. 

"அப்பா திங்கக்கிழம வாசிப்பாவல்லா, அதக் கேட்டு வச்சுக்கிடுவேன்," என்றாள் கிருபை.

"யாருட்டி உனக்கு இந்தக் களவச் சொல்லிக்குடுத்தா?"

"களவா?" பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. "உங்களப் பாத்துத்தாம்மா படிச்சேன். நீங்க விரல இப்பிடித்தான ஓட்டுவிய, கண்ண இப்பிடித்தான நவுத்துவிய. அதுக்குப் பேருதான் வாசிக்கதுன்னு நெனச்சேன். அண்ணன் எழுத்தெழுத்தாச் சொல்லத பாத்து, இவனுக்கு மண்டையில ஒண்ணும் நிக்காது போலன்னு நெனச்சேன். இப்பம் ஒரு வருசமாத்தான் எனக்குத் தெரியும், அது வேறன்னு. பொறவு எப்பிடிச் சொல்லது?"

பொறவு எப்படிச் சொல்வது. தன் வயிற்றில் கிடந்த கல் மகள் வயிற்றுக்கும் போய்விட்டதை அன்றைக்குத்தான் பரிபூரணம் கண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. வாளியை இறக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. பண்டிகையில் பிள்ளை எப்படியும் வாசித்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஊரே மெச்சும். அதற்குப் பிறகுதான் வினை. போர்டிங்கில் திங்கட்கிழமை வாசித்துக்காட்ட யார் இருக்கிறார்கள்? முதல் வாரத்திலேயே குட்டு உடைந்து பெட்டியோடு திரும்பி வரும். அல்லது உடையாமலே போகும். அது இன்னும் மோசம். தன்னைப்போலவே ஒரு ஞாயிறு சாயங்காலத்தில் இருந்து அடுத்த ஞாயிறு சாயங்காலம் வரை பயந்து பயந்து கிழவியாகும். கிருபைக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று புருஷன் கேட்பார். ஒட்டிய தாளைக் காட்டலாம். பதில் அதோடு நிற்காது. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்ற கேள்வி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லு என்று கூடப் பிள்ளைக்கு ஒரு தரம் யோசனை சொன்னாள். சொன்ன வாயை அவளே அறைந்துகொண்டாள். பொய்க்குப் பொய் முட்டுக்கொடுக்கிற வேலையை மகளுக்கும் பழக்குவதா?

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் விளக்கு வைத்தாயிற்று. ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். எலியேசர் தன் வசனத்தை மூச்சு வாங்கி முடித்தான். புத்தகம் பரிபூரணத்தின் மடிக்கு வந்தது. சொல்ல வேண்டிய வசனம் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது," என்றாள்.

எலியேசர் திரும்பிப் பார்த்தான். ஏசுவடியான் ஆவென்று பார்த்தான். ஞானராஜ் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை.

"அடுத்த ஆள் வாசிங்க," என்றார்.

அவ்வளவுதான். பரிபூரணம் அவர் முகத்தையே பார்த்தாள். கேட்காத சேதியைக் கேட்ட மனுஷன் இப்படியா இருப்பான்? இவருக்குத் தெரியும். இன்றைக்கு நேற்றல்ல, எப்போதோ தெரியும். மற்ற ஊர் உபதேசியார் எவரும் வைக்காத திங்கட்கிழமை வழக்கம் ஏன் வந்தது, கண் ஏன் மூடியது என்பதெல்லாம் ஒரே நேரத்தில் அவளுக்கு விளங்கியது.

புத்தகம் கிருபையிடம் போனது. பிள்ளை அம்மாவைப் பார்த்தது. பிறகு புத்தகத்தை மூடியது.

"எனக்கும் தெரியாதுப்பா."

ஞானராஜ் கண்ணைத் திறந்தார். பெண்டாட்டிக்குத் திறக்காத கண் மகளுக்குத் திறந்தது. மகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. மனைவிக்குப் போட்ட திரைக்குப் பின்னால் மகளும் வந்து உட்கார்ந்திருப்பாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. புத்தகத்தை வாங்கி ஏதோ ஒரு பக்கத்தை விரித்து, "இந்தா, இத வாசி," என்றார். பிள்ளை தெரியாது என்று தலையை ஆட்டியது. வேறொரு பக்கத்தை விரித்தார். பிறகு இன்னொன்றை விரித்தார்.

பிள்ளைகள் படுத்த பிறகு அடுப்படிக்கு வந்தார்.

"எப்பம் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள் பரிபூரணம்.

"கல்யாணம் ஆன மறுமாசம். இருமுதுன்னு மருந்து கேட்டேன். தேய்க்கிற மருந்தக் கரண்டியில ஊத்திட்டு வந்த. பாட்டில்ல பெருசா எழுதியிருந்துச்சு."

"குடிச்சியளா?"

"நீ அங்கிட்டுப் போனதும் முருங்க மரத்து மூட்டுல ஊத்திட்டேன். பொறவுதான் திங்கக்கிழம வழக்கத்த வச்சேன்."

நன்றி சொல்ல வேண்டிய இடம். எத்தனை புருஷன் இப்படிச் செய்வான் என்று கேட்டால், செய்ய மாட்டான்தான். ஆனால் பரிபூரணத்துக்கு வந்தது கோபம். அடக்கமாட்டாத கோபம்.

"வாராவாரம் ஒரு அதிகாரம் வாசிச்சுக் காட்டுனியளே. அந்த நேரத்துல ஒரே ஒரு எழுத்துச் சொல்லித் தந்திருக்கக் கூடாதா? நான் எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா?"

"உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் பூரணம்..."

"எனக்கா, உங்களுக்கா?"

ஞானராஜ் அடுப்பைப் பார்த்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, திறந்திருக்கிறது என்று சொல்லாமலே காவல் இருந்த மனுஷன். தெரிந்தே மறைத்ததால் அவருக்கும் உள்ளே இருந்து வெளியே வர வழியில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"வீட்டுக்குள்ள தெரிஞ்சது வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "பெண்கள் கூட்டத்த நீதான் நடத்தணும். தெரிஞ்சா வேல போயிரும்."

பண்டிகையில் எலியேசர் வாசித்தான். திக்கித் திணறி வாசித்தான். குருவானவர் கடிகாரத்தைப் பார்த்தார். போர்டிங் பேச்சு நின்றுபோனது. பத்து வயதுப் பிள்ளை பொடிசுகளோடு மணலில் உட்கார்ந்து எழுதியது. சட்டாம்பிள்ளைக்கு என்ன வந்தது என்று ஊர் சிரித்தது. ஆனால் அப்பன் சொல்லிக்கொடுத்த வழி அவளுக்கு ஒட்டவில்லை. வசனத்தை விரித்தால் எழுத்தைப் பார்க்குமுன் வாய் சொல்லிவிடும். ஏசுவடியான்தான் அக்காவைக் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப்போனான். பஸ் பலகையையும் கடைப் பலகையையும் எந்தப் புண்ணியவானும் திங்கட்கிழமை வாசித்துக் காட்டவில்லை. அங்கே மனப்பாடத்துக்கு வேலை இல்லை. கிருபை அங்கேதான் வாசிக்கப் படித்தாள். அப்பா திட்டிய அதே நாடோடிப் படிப்பு.

பரிபூரணமும் ஆசைப்படாமல் இல்லை. ஆனால் உபதேசியார் மனைவி ரோட்டோரம் நின்று பஸ்ஸை அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்ட முடியுமா? வீட்டில் சிலேட்டை எடுத்தால் தயிருக்கும் நெருப்புக்கும் என்று சபைப் பெண்கள் வந்தபடி இருப்பார்கள். சனிக்கிழமைதோறும் அவள் புத்தகத்தை மடியில் விரித்து விரலை ஓட்டினாள். முன்பு திங்கட்கிழமை புருஷன் வாசித்தார், இப்போது வெள்ளிக்கிழமை மகள் உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அது ஒன்றுதான் மாறியது. கிருபை எத்தனையோ தரம், "ஒரு எழுத்தாவது பாருங்கம்மா," என்று கெஞ்சினாள். பரிபூரணம் பார்ப்பாள். வாய் முந்திக்கொள்ளும்.

நாற்பத்துமூன்றில் கிருபையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் குமாஸ்தா. அவனுடைய அம்மா ஏசம்மாள் வேதத்தைக் கையில் எடுத்து, நாடா எங்கே இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தாள். பரிபூரணம் அதை முந்தின நாளே உருவி எடுத்து அடுப்பில் போட்டிருந்தாள்.

"எந்தப் பக்கத்த வேணும்னாலும் விரிச்சுக் குடுங்க மதினி," என்றாள்.

ஏசம்மாள் விரித்த பக்கத்தில் வாயில் நுழையாத பெயர்களாக வரிசையாக வந்தன. கிருபை தடுமாறினாள். ஒரு பெயரில் நின்றாள், பின்வாங்கினாள், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பிடித்து மேலே போனாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிபூரணத்துக்கோ நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் கட்டியது. மனப்பாடத்தில் தடுமாற்றம் வராது. தெரிந்தவளுக்குத்தான் தடுமாறத் தெரியும்.

முடிக்கிறதுக்கு ஒரு வசனம் நீங்க வாசிங்க என்று ஏசம்மாள் புத்தகத்தைப் பரிபூரணத்திடம் நீட்டினாள். பெண்கள் கூட்டம் நடத்துகிறவளாயிற்றே. பரிபூரணம் ஞானராஜைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் புத்தகத்தை மடியில் விரித்து, விரலை ஓட்டி, மனப்பாடமான ஒரு வசனத்தைத் தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தாள்.

"அம்மா எம்புட்டு அழகா வாசிக்காவ," என்றாள் ஏசம்மாள். "மகளுக்கு இந்த வாசிப்பு வரலயே."

"வராது மதினி," என்றாள் பரிபூரணம். "வந்திரக் கூடாதுன்னுதான் இம்புட்டுப் பாடும் பட்டது."

தாய் தன்னைத் தாழ்த்திப் பேசுகிறாள் என்று நினைத்து வந்தவர்கள் சிரித்தார்கள். அவள், எது என்று தனக்கே தெரியாத அந்தப் பக்கத்தை மூடிவைத்தாள்.